கனவில் ‘வெள்ளம்’ கூடினால்

கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பரதேசி ஜெபாலயத்தைத் தேடிப் போகிறவர்கள், பழம்பொருள் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே மிளகு வணிகர் சங்கத்தின் கட்டடத்தைக் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். 1957இல் தொடங்கிய சங்கம் அது. பல பத்தாண்டுகள் அதன் கூடத்தில் எதிர்காலம் ஏலம் போனது. கொடியில் இன்னும் பிஞ்சாக இருக்கும் மிளகுக்கு, சில மாதம் கழித்து ஒப்படைக்கவேண்டிய சரக்குக்கு, தரகர்கள் கூவிக் கூவி விலை சொன்னார்கள். இடுக்கியில் மழை எப்படி, வியட்நாமில் விளைச்சல் எப்படி என்ற கவலையெல்லாம் அந்தக் கூச்சலுக்குள் புகுந்து ஓர் எண்ணாக வெளியே வந்தது. பிறகு கணினி வந்து கூச்சல் அடங்கியது. முன்பேர வணிகமும் பெரிய தேசியச் சந்தைகளின் பக்கம் போய்விட்டது.

அந்தக் கூடத்தில் ஊகம் செய்ய யாரும் வெட்கப்பட்டதில்லை. ஜோசியம் பார்த்துவிட்டு வந்தாலும் சரி, மனத்தில் பட்டதைச் சொன்னாலும் சரி, காலையில் கண்ட கனவை நம்பி விலை கேட்டாலும் சரி. விதி ஒன்றுதான்: ஊகம் தப்பினால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும்.

எதிர்காலத்தைச் சொல்ல இன்னொரு வழி இருக்கிறது என்று நம்புகிறவர்கள் மேலைநாடுகளில் கொஞ்சம் பேர் உண்டு. ஆயிரக்கணக்கான மனிதர்களின் கனவுகளை நாள்தோறும் சேகரிப்பது. அவற்றில் எந்தச் சொல் வழக்கத்தைவிட அதிகம் வருகிறது என்று எண்ணுவது. ‘தண்ணீர்’ திடீரென்று ஏறினால், ‘விமானம்’ ஏறினால், சில நாளில் அதைப் பற்றிய செய்தி வரும் என்று எதிர்பார்ப்பது. தனி மனிதனின் கனவு குழம்பியிருக்கலாம். கூட்டத்தின் கனவைக் கூட்டிப் பார்த்தால் குழப்பம் கழிந்து சேதி மிஞ்சும் என்பது வாதம். கேட்க அபத்தமாகத் தோன்றினாலும், மிளகுக் கூடத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்: பலருடைய அரைகுறை அறிவைக் கூட்டி ஓர் எண் எடுப்பது. அதனால் சிரித்துத் தள்ளிவிடாமல், இந்தக் கேள்வியை இதுவரை யார் யார் எப்படிச் சோதித்தார்கள் என்று பார்ப்பது நியாயம்.

கனவைக் கூட்டமாகச் சேகரித்த பழைய முயற்சிகளில் ஒன்று ஒரு குழந்தைக் கடத்தலை ஒட்டி நடந்தது. 1932 மார்ச் 1ஆம் தேதி, அட்லாண்டிக் கடலைத் தனியாகப் பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்டது. குழந்தையின் கதி தெரியாத நாட்களில், ஹார்வர்டு உளவியலாளர் ஹென்றி முர்ரே, இதுபற்றிக் கனவு கண்டவர்கள் எழுதி அனுப்புங்கள் என்று பத்திரிகை வழியாகக் கேட்டார். 1,300க்கு மேல் கனவுகள் வந்து குவிந்தன. மே 12இல் குழந்தையின் உடல் ஒரு காட்டோரம் கிடைத்தது. கட்டைப் பிரித்துப் பார்த்தபோது, குழந்தை இறந்துவிட்டதாகக் கண்ட கனவுகள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருந்தன. இறந்தது, மரங்களிடையே, மண்ணுக்குள் என்ற மூன்றும் பொருந்தியவை நான்கே நான்கு. முர்ரேயும் அவருடன் உழைத்த வீலரும் 1937இல் இதை வெளியிட்டார்கள். நாடே ஒரே விஷயத்தை நினைத்துப் படுத்த இரவுகளின் விளைச்சல் இவ்வளவுதான். கூட்டத்தின் சராசரியைப் பார்த்திருந்தால், குழந்தை உயிரோடு இருக்கிறது என்றுதான் முடிவு கட்டியிருக்க வேண்டும்.

அடுத்த முயற்சி பிரிட்டனில் நடந்தது. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்தத் துறையில் நேர்மையாகச் செய்யப்பட்ட காரியம் இதுவே என்பது என் எண்ணம். 1966 அக்டோபர் 21 காலை, வேல்ஸில் அபர்ஃபான் என்ற சுரங்க கிராமத்தின் மேலே குவித்து வைத்திருந்த நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள். 116 பேர் குழந்தைகள். ஷெல்டன் மனநல மருத்துவமனையின் மருத்துவர் ஜான் பார்க்கர் அங்கே போனார். இறந்த சிறுமிகளில் ஒருத்தி முந்தின நாள்தான் தன் கனவை அம்மாவிடம் சொல்லியிருந்தாள் என்று கேள்விப்பட்டார்: பள்ளிக்குப் போனாளாம், பள்ளி இல்லையாம், கறுப்பாக ஏதோ அதன்மேல் வந்து கவிந்திருந்ததாம். பார்க்கர் ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்டு’ நாளிதழின் அறிவியல் செய்தியாளர் பீட்டர் ஃபேர்லியைப் பிடித்தார். முன்கூட்டித் தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்று அறிவிப்பு வந்தது. 76 பேர் எழுதினார்கள்.

இங்கேதான் பார்க்கர் மற்றவர்களிடமிருந்து விலகுகிறார். 76 கடிதங்களும் விபத்துக்குப் பிறகு வந்தவை என்பது அவருக்கு உறுத்தியது. மழை பெய்து ஓய்ந்தபின் குடை எடுத்துவைத்தேன் என்று சொல்வதில் என்ன இருக்கிறது? அதனால் 1967 ஜனவரியில் அதே நாளிதழ் அலுவலகத்தில் முன்னுணர்வுப் பணியகம் என்று ஒன்றைத் திறந்தார்கள். கனவோ மனத்துடிப்போ, நடப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். வந்த நேரத்தைக் குறித்து வைப்பார்கள். பிறகு செய்திகளோடு ஒத்துப் பார்ப்பார்கள். மதிப்பெண் மொத்தம் 11. அசாதாரணத்துக்கு 5, துல்லியத்துக்கு 5. என்றைக்கு நடக்கும் என்று சரியாகச் சொன்னதற்கு 1.

நாள் குறித்ததற்கு ஒரே மதிப்பெண். மிளகுக் கூடத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். விலை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த மாதம் என்பதில்தான் காசு இருக்கிறது.

பணியகத்துக்கு நூற்றுக்கணக்கில் கடிதங்கள் வந்தன. பொருந்தியவை மிகச் சிறு பங்கு. அவற்றிலும் பெரும்பகுதி இரண்டே பேரிடமிருந்து வந்தவை. ஒருவர் லண்டனில் பியானோவும் நடனமும் கற்றுக்கொடுத்த ஒரு பெண்மணி, மற்றவர் தபால்துறைத் தொலைபேசி ஊழியர். கூட்டத்தின் கனவு என்ற கருத்து அங்கேயே அடிவாங்கியது: கூட்டம் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னதாகத் தோன்றியது இரண்டு தனி மனிதர்கள். அந்தத் தொலைபேசி ஊழியர் பார்க்கருடைய உயிருக்கே ஆபத்து என்று அவரிடம் எச்சரித்தார். 1968 ஆகஸ்டில், 44 வயதில், மூளையில் இரத்தக் குழாய் வெடித்து பார்க்கர் இறந்தார். கதை சொல்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார்கள். பயமே ஒருவனைக் கொல்லுமா என்று புத்தகம் எழுதிய மருத்துவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவருக்கு வேறொரு சந்தேகமும் வரும்.

1967 என்ற ஆண்டு எனக்கு இன்னொரு விதத்தில் வேடிக்கையாக இருக்கிறது. ஜனவரியில் லண்டனில் முன்னுணர்வுப் பணியகம். அதே ஆண்டு விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகம் உளவியலுக்கும் பராஉளவியலுக்கும் சேர்த்து ஒரு துறை தொடங்கியது, அமெரிக்காவில் பராஉளவியலாளர் ஜே. பி. ரைனிடம் பணியாற்றி வந்த கே. ராமகிருஷ்ண ராவ் அதை நடத்தினார். நவம்பர் 1ஆம் தேதி கேரள அரசு லாட்டரிச் சீட்டு விற்பனைக்கு வந்தது, விலை ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. நாளை நடப்பதை இன்றே அறியும் ஆசைக்கு ஒரே ஆண்டில் மூன்று அலுவலகங்கள்! இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றுகிறதா? 1967இல் தொடங்கிய மற்ற ஆயிரம் காரியங்களை விட்டுவிட்டு இந்த மூன்றை நான் பொறுக்கினேன். கனவையும் செய்தியையும் பொருத்துகிற கை செய்வதும் இதே பொறுக்கல்தான்.

லாட்டரியைப் பற்றிச் சொன்னதால் ஒரு வார்த்தை. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தபின், எல்லை தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போய்ச் சீட்டு வாங்குகிற தமிழர்கள் உண்டு. 2023இல் 25 கோடி ரூபாய் ஓணம் பம்பர் பரிசே திருப்பூர் பக்கத்து நண்பர்கள் நால்வருக்கு விழுந்தது. கனவில் வந்த எண்ணை நம்பிச் சீட்டு வாங்குகிறவர்கள் கேரளத்திலும் தமிழகத்திலும் குறைவில்லை. கூட்டத்தின் கனவில் நாளைய சேதி இருக்குமானால் அது முதலில் அங்கே தெரிந்திருக்கும். குலுக்கலுக்கு முந்தின நாள் குறிப்பிட்ட எண்கள் மட்டும் விற்றுத் தீர்ந்திருக்கும். அரசு லாட்டரித் துறை இன்றும் லாபத்தில் நடக்கிறது.

கனவு காண்பது எதை, நிகழ்வையா செய்தியையா என்ற நுட்பமான கேள்வியை எழுப்பியவர் ஜே. டபிள்யூ. டன் என்ற விமானப் பொறியாளர். 1902இல் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, ஒரு தீவில் எரிமலை வெடித்து 4,000 பேர் சாகப்போவதாகக் கனவு கண்டார். சில நாளில் மார்த்தினிக் தீவில் மோன் பெலே எரிமலை வெடித்த செய்தியோடு நாளிதழ் வந்தது. அதில் 4,000 பேர் என்றே படித்தார். பல ஆண்டுகள் கழித்து அதைத் திரும்பப் பார்த்தபோதுதான் அச்சாகியிருந்தது 40,000 என்று தெரிந்தது. உண்மையில் இறந்தவர்கள் 30,000 அளவில். ஆக, கனவு எரிமலையையும் பார்க்கவில்லை, நாளிதழையும் பார்க்கவில்லை. தான் தப்பாகப் படிக்கப்போவதைப் பார்த்தது! டன் இதையே சான்றாக வைத்து, காலம் முன்னும் பின்னும் ஓடும் என்று 1927இல் ஒரு புத்தகம் எழுதினார். எனக்கோ இது வேறொன்றைச் சொல்கிறது. கனவில் கண்ட எண்ணை அவர் செய்தியைப் படித்தபிறகுதான் ‘நினைவுகூர்ந்தார்’. நினைவு கண்ணுக்கு முன்னால் இருக்கிற தாளைப் பார்த்து எழுதும் மாணவன்.

தமிழனுக்கு இந்த விவகாரம் புதிதல்ல. மட்டாஞ்சேரியிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் கொடுங்கல்லூர். சேரர் தலைநகர் வஞ்சி அங்கேதான் என்பது ஒரு கட்சி, அங்கே பகவதியாக இருப்பவள் கண்ணகி என்பது வழிவழி வந்த நம்பிக்கை. சேர இளவரசர் எழுதியதாகச் சொல்லப்படும் சிலப்பதிகாரத்தில் முன்னறிவிக்கும் கனவுகள் மூன்று முக்கியமானவை. புகாரில் கண்ணகி காண்பது முதலாவது: கணவனோடு ஒரு பெருநகருக்குப் போகிறாள், தேளை எறிந்தாற்போல் வீண்பழி விழுகிறது, அரசனுக்கும் ஊருக்கும் கேடு வருகிறது. தோழி தேவந்தி பரிகாரம் சொல்கிறாள்; கண்ணகி அது பெருமை இல்லை என்று மறுத்துவிடுகிறாள். இரண்டாவது, மதுரையில் கோவலன் காண்பது: ஆடை பறிக்கப்பட்டு, கொம்புடைய விலங்கின்மேல் ஏற்றப்படுகிறான். மூன்றாவது, பாண்டிமாதேவி காண்பது: செங்கோலும் குடையும் சாய்கின்றன, இரவில் வானவில், பகலில் எரிமீன்.

கவனித்தால், கனவுக்கும் நடப்புக்கும் இடையிலுள்ள தூரம் ஒவ்வொரு முறையும் குறைகிறது. கண்ணகியின் கனவு மதுரைக்குப் புறப்படும் முன்பே வந்தது. கோவலனுடையது சாவுக்குச் சற்று முன். அரசி தன் கனவைச் சொல்லிக்கொண்டிருக்கையில் கண்ணகி சிலம்போடு வாயிலில் நிற்கிறாள். கனவும் செய்தியும் ஒரே வேளையில் அரண்மனைக்கு வருகின்றன. மூன்று கனவாலும் ஒரு சம்பவமும் தடுக்கப்படவில்லை. காப்பியத்தில் கனவு எச்சரிக்கை மணியாக இல்லை, கேட்பவர் நெஞ்சைத் தயார்செய்யும் பறையாக இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டவர்கள் நம் உரைகாரர்கள். கனவை எண்ணிப் பலன் சொல்கிறவர்கள் வேறு வழியில் போனார்கள்: பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் முதல் சாமக் கனவு ஓராண்டில் பலிக்கும், விடியற்காலைக் கனவு உடனே பலிக்கும் என்று அட்டவணை போட்டுவிட்டார்கள். ஓராண்டு அவகாசம் கொடுத்தால் பலிக்காத கனவு எது?

எண்ணிக்கைக்கு வருவோம். கனவுகளை முறையாக எண்ண வழி வகுத்தவர்கள் கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி காசிலும். 200 மாணவர்களின் 1,000 கனவுகளை எடுத்து, யார் வருகிறார்கள், எங்கே நடக்கிறது, சண்டையா நட்பா, கிடைத்ததா இழந்ததா என்று பிரித்து எண்ணும் முறையை 1966இல் வெளியிட்டார்கள். பின்னால் கலிஃபோர்னியாவில் வில்லியம் டோம்ஹாஃப் தொடங்கிய கனவு வங்கியில் 20,000க்கு மேல் கனவுகள் சேர்ந்தன. 2020இல் லூகா மரியா அயெல்லோவும் உடனுழைத்தவர்களும் அந்த வங்கியின் 24,000 கனவுகளைக் கணினியைக் கொண்டே பிரித்தார்கள். கண்டது என்ன? பகலில் எதோடு போராடுகிறோமோ அதுவே இரவிலும். போருக்குப் போய்வந்தவரின் கனவில் அடிதடி அதிகம். கனவு வாழ்க்கையின் தொடர்ச்சி என்ற பழைய முடிவுக்கே கணினியும் வந்து சேர்ந்தது.

ஹால் சொல்லிய ஒரு சேதி இன்னும் கூர்மையானது. 1945இல் ஜப்பான்மேல் அணுகுண்டு விழுந்த நாட்களில் அவர் மாணவர்களின் கனவுகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். ஒரு கனவில்கூட குண்டு இல்லை. நூற்றாண்டின் மிகப் பெரிய செய்தி, வந்தபிறகும், கனவின் வாசலை மிதிக்கவில்லை. கனவு ஆய்வாளர் எர்னஸ்ட் ஹார்ட்மன் 44 அமெரிக்கர்களிடமிருந்து 2001 செப்டம்பர் 11க்கு முன் கண்ட பத்துக் கனவும் பின் கண்ட பத்துக் கனவுமாக 880 கனவுகளை வாங்கிப் பார்த்தார். பின் வந்த கனவுகளில் படிமங்கள் தீவிரமாகியிருந்தன. உயரமான கட்டடத்தில் விமானம் மோதும் கனவு ஒன்றுகூட இல்லை. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் அத்தனை முறை பார்த்தவர்கள் அவர்கள்! நடந்ததையே அச்சு மாறாமல் காட்டாத கனவு, நடக்கப்போவதைச் சொல்லால் காட்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

கனவில் நாட்கணக்கும் பின்னோக்கியே ஓடுகிறது. அன்றைய பகலின் மிச்சம் அன்றிரவே வரும்; பிறகு சற்று மறைந்து, ஐந்தாறு ஏழு நாள் கழித்து மீண்டும் தலைகாட்டும் என்று தூக்க ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு ஊரின் கனவுச் சொற்களை எண்ணினால் கிடைக்கப்போவது போன வாரத்து நாளிதழ்.

சொல்லை எண்ணி நோயை முன்கூட்டிச் சொல்ல முயன்ற பெரிய சோதனை ஒன்று ஏற்கனவே நடந்து முடிந்திருக்கிறது. அதில் கனவு இல்லை, தேடல் இருந்தது. கூகுள் 2008இல், மக்கள் தேடும் சொற்களை வைத்து அமெரிக்காவில் ஃப்ளூ காய்ச்சல் எங்கே ஏறுகிறது என்று சொல்லத் தொடங்கியது. 5 கோடித் தேடல்களை அலசிப் பொருத்தமான 45ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 2009 பன்றிக்காய்ச்சல் அலையை அது தவறவிட்டது. 2012-13 குளிர்காலத்தில் உண்மையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. 2015இல் மூடிவிட்டார்கள். காய்ச்சலோடு சேர்ந்து ஏறுவதெல்லாம் காய்ச்சலால் ஏறுவதில்லை. குளிர்காலத்தில் கூடைப்பந்து பற்றிய தேடலும்தான் ஏறும். விழித்திருக்கும் மனிதன் தன் விரலால் தட்டிய சொல்லுக்கே இந்தக் கதி.

சும்மா ஒரு கணக்கு. 2011 கணக்கெடுப்பில் கொச்சி மாநகராட்சியில் 6 லட்சம் பேர். ஆளுக்கு வாரம் ஒரு கனவு நினைவில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 85,000 கனவு. பத்தாயிரத்தில் ஒன்று தற்செயலாக மறுநாள் நடப்போடு ஒத்துப்போகும் என்று கஞ்சத்தனமாகவே வைத்தாலும், தினமும் எட்டு ஒன்பது பேர் இந்த ஊரில் ‘கனவு பலித்துவிட்டது’ என்று வியக்க வேண்டும். சொற்களுக்கும் அப்படியே. ஆயிரம் சொற்களைக் கண்காணித்து, நூறு நாளில் ஒருநாள் மட்டுமே தாண்டும் உயரத்தைக் கோடாக வைத்தால், ஒன்றுமே நடக்காத ஊரிலும் நாளுக்குப் பத்துச் சொல் கோட்டைத் தாண்டும். அந்தப் பத்தில் ஒன்றாவது மறுநாள் பத்திரிகையில் இருக்கும். பத்திரிகை எட்டுப் பத்துப் பக்கம் ஆயிற்றே.

மட்டாஞ்சேரியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இனிமேல்தான் வருகிறது. நாலைந்து சதுர கிலோமீட்டருக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் வாழும் இடம் என்று இந்த ஊரைச் சொல்வார்கள். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கனி உருது, தெலுங்கு, தமிழ். பக்கத்து ஃபோர்ட் கொச்சியில் வேளி தோபிக்கானாவில் துணி வெளுக்கும் குடும்பங்கள் தமிழ் பேசும் வண்ணார்கள். டச்சுக்காரர் காலத்தில் படையாட்களின் உடை வெளுக்க வரவழைக்கப்பட்டவர்களின் வழி என்பார்கள். இந்த ஊரில் கனவுச் சொற்களை எண்ண ஓர் இயந்திரத்தை வைத்தால் என்ன ஆகும்?

முதல் சொல்லே ‘வெள்ளம்’. தமிழனுக்கு அது கரை உடைத்து வரும் பெருக்கு. மலையாளிக்கு அது குடிக்கத் தண்ணீர். ஹோட்டலில் உட்கார்ந்ததும் கேட்பது அதைத்தான். மலையாளிகளின் கனவுகளைத் தமிழ்க் காதோடு எண்ணினால் கொச்சி தினமும் மூழ்கும். மறுபடி, தமிழர் கனவை மலையாளக் காதோடு எண்ணினால் 2018 ஆகஸ்டுப் பெருமழையில், நெடும்பாசேரி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக் கிடந்த நாட்களிலும், ஏதோ தாகம் கூடியிருக்கிறது என்றுதான் தெரியும்.

அடுத்து ‘பனி’. மார்கழி விடியலில் தமிழன் காண்பது புல்லின்மேல் இருக்கும். மலையாளியின் பனி உடம்பில் இருக்கும், அது காய்ச்சல். தோபிக்கானாவில் நாலு பேர் பனிக் கனவு கண்டால் இயந்திரம் சுகாதாரத் துறைக்கு மணி அடிக்கும். ‘தூக்கம்’ வந்தால் இன்னும் மோசம். நமக்கு உறக்கம், அவர்களுக்குத் தொங்கல், கோயில் திருவிழாவில் உடம்பில் கொக்கி மாட்டித் தொங்கும் நேர்த்திக்கும் அதே பெயர். ‘நல்ல தூக்கம்’ என்று ஒருவர் சொன்னதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது? ‘அவசரம்’ என்றால் நமக்குப் பதற்றம், அங்கே நல்ல வாய்ப்பு. ஆங்கிலம் ஒன்றையே தின்று வளர்ந்த கணக்குமுறைகளுக்கு இந்தத் தெருவின் இருபக்கமும் ஒரே ஒலிக்கு இரண்டு பொருள் குடியிருப்பது தெரியவே தெரியாது.

பாஷையைச் சரிசெய்துவிட்டாலும் பிழைப்பு இருக்கிறது. நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்று துணி அடிக்கிறவரின் கனவில் தண்ணீர் வருவது என்ன அதிசயம்? வராத இரவுதான் அதிசயம். ஊருக்குப் பொதுவான அடிமட்டம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு அடிமட்டம். காலண்டரும் சேரும். ஜூனில் பருவமழை பிடித்தால் தண்ணீர் ஏறும். டிசம்பர் 31 இரவு ஃபோர்ட் கொச்சியில் பப்பாஞ்ஞி என்ற கிழவன் பொம்மையை எரிக்கிறார்கள். ஜனவரி முதல் வாரம் ‘தீ’ ஏறினால் அதில் தீர்க்கதரிசனம் எங்கே? இதற்கெல்லாம் மேலே, நம் வழக்கமே தலைகீழ். கனவில் கல்யாணம் கண்டால் கெட்ட சேதி, சாவு கண்டால் நல்ல சேதி. இந்த நம்பிக்கையோடு வளர்ந்தவர் சாவுக் கனவைச் சிரித்த முகத்தோடு சொல்வார், கல்யாணக் கனவைச் சொல்லவே மாட்டார். கெட்ட கனவைப் பசுவின் காதில் சொல்லி முடித்துவிடுவார். பசுவிடம் சொன்னது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

அப்படியானால் கூட்டத்தின் கனவுகளைச் சேகரிப்பது வீண்வேலையா? இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது: சார்லோட் பெராட். பெர்லினில் செய்தியாளராக இருந்தவர். ஹிட்லர் 1933இல் பதவிக்கு வந்தது முதல் 1939இல் தான் தப்பிப்போகும்வரை, தையற்காரி, பால்காரர், மருத்துவர் என்று தெரிந்தவர் தெரியாதவரிடமெல்லாம் கனவு கேட்டுச் சுமார் 300 கனவுகளைச் சேர்த்தார். நாஜிக் கட்சியைக் குடும்பம் என்றும், ஹிட்லரை ஹான்ஸ் மாமா என்றும், கைதை ஃப்ளூ காய்ச்சல் என்றும் சங்கேதத்தில் எழுதினார். புத்தக முதுகுகளில் ஒளித்தார். 1966இல்தான் அவை நூலாயின. அபர்ஃபான் சரிந்த அதே ஆண்டு (பாருங்கள், கை பழக்கத்தில் மறுபடி பொறுக்குகிறது). ஹிட்லர் பதவியேற்ற மூன்றாம் நாள் ஒரு ஆலை முதலாளியின் கனவு: நாஜித் தலைவர் கெப்பல்ஸ் ஆலைக்கு வருகிறார், தொழிலாளர் முன்னிலையில் இவர் கையை உயர்த்தி வணக்கம் வைக்க அரைமணி நேரம் தத்தளிக்கிறார். 1934இல் ஒரு மருத்துவரின் கனவு: வீட்டில் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார், திடீரென்று சுவர்கள் இல்லை, எந்த வீட்டுக்கும் இல்லை; சுவர்களை ஒழிக்கும் ஆணை ஒலிபெருக்கியில் கேட்கிறது.

பெராட்டின் சேகரிப்பில் வரப்போகும் எந்தத் தேதியும் இல்லை, எந்தச் சம்பவமும் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. இவற்றைச் சொல்வாரியாக எண்ணினால் ‘சுவர்’ என்ற சொல் ஒருமுறை ஏறியிருக்கும், கட்டுமானத் தொழில் செய்தி வரும் என்று குறித்திருப்பார்கள். வாசித்தால் தெரிவது வேறு: தம் வீட்டுக்குள் என்ன நுழைந்துவிட்டது என்பது அந்த மனிதர்களுக்குத் தூக்கத்தில் தெரிந்திருந்தது, அதை அச்சிடப் பத்திரிகைகளால் முடியவில்லை. கனவு நாளிதழை முந்துகிறதென்றால் இந்த ஒரு வழியில்தான். நாளை வருவதை அது சொல்லவில்லை, இன்று நடந்தும் அச்சேறாததைச் சொல்கிறது.

கொச்சியிலும் அப்படிப்பட்டவை உண்டு. ஃபோர்ட் கொச்சிக்குத் தெற்கே செல்லானம் கரையோரத்தில் ஆண்டுதோறும் கடல் வீட்டுக்குள் ஏறியது. நான்முனைக் கான்கிரீட் கற்களால் ஏழு கிலோமீட்டருக்கு மேல் சுவர் எழும்பியது மிகப் பின்னால். அங்கே ஒரு தாய் சமையலறையில் கடலைக் கனவு காண்பது தீர்க்கதரிசனமில்லை, முகவரி. 2023 மார்ச் 2ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து, பத்து நாளுக்கு மேல் ஊரே புகைக்குள் இருந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதற்கு முன்பும் அங்கே தீப்பிடித்தது உண்டு; சுற்றிக் குடியிருப்பவர்கள் நாற்றத்தோடும் புகையோடும்தான் ஆண்டுக்கணக்கில் படுத்தார்கள். 2023 பிப்ரவரியில் அவர்கள் கனவுகளை யாராவது எழுதி வைத்திருந்தால் ‘தீ’ நிறைய இருந்திருக்கலாம். அதை அறியக் கனவு வேண்டியதில்லை, கதவைத் தட்டிக் கேட்டாலே போதும்.

உடம்பைப் பொறுத்தவரை கனவுக்கு மெய்யாகவே முன்னறிவு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விழிப்பில் தெரியாத சிறு நோய்க்குறி உறக்கத்தில் பெரிதாகத் தெரியலாம் என்று அரிஸ்டாட்டில் ஊகித்தார். பலித்த மற்ற கனவுகள் பெரும்பாலும் தற்செயல் என்றும் அவரே எழுதிவைத்தார். கனவில் சண்டையிடும்போது மெய்யாகவே கை கால் வீசி உதைக்கும் ஒரு தூக்கக் கோளாறு இருக்கிறது. பல நாடுகளில் 1,280 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், 12 ஆண்டு கடக்கும்போது நான்கில் மூன்று பங்கினர் பார்க்கின்சன் அல்லது அதை ஒத்த நரம்புச் சிதைவு நோய்க்கு ஆளாவார்கள் என்று கணக்கு வந்தது. இது மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டிய கனவு. இங்கே முன்னறிவிப்பது கனவின் சொல் அல்ல, கட்டிலிலிருந்து விழும் உடம்பு.

யாராவது இதையெல்லாம் கேட்டபிறகும் மட்டாஞ்சேரியில் கனவுப் பதிவேடு ஒன்று திறக்க விரும்பினால், நான் தடுக்கமாட்டேன். பார்க்கரைப்போல் வந்த நேரத்தை முத்திரையிட வேண்டும். நாள் குறித்ததற்குப் பதினொன்றில் ஐந்து மதிப்பெண்ணாவது கொடுக்க வேண்டும். எந்தச் சொல் எதைக் குறிக்கும் என்பதை எண்ணுவதற்கு முன்பே எழுதி உறையிலிட்டு ஒட்ட வேண்டும். பழைய மிளகுக் கூடத்து வழக்கப்படி, முன்னறிவிப்புச் சொல்கிறவர் ஆளுக்குப் பத்து ரூபாயாவது வைக்க வேண்டும், தப்பினால் போகும். பெராட்டைப்போல் எண்ணுவதோடு நிற்காமல் வாசிக்கவும் ஒருவர் வேண்டும்.

முதல் நாள் முதல் பக்கத்தில் யாரோ ஒருவர் ‘வெள்ளம்’ என்று எழுதிவிட்டுப் போவார். பதிவேட்டை வைத்திருப்பவர் தெருவில் இறங்கி ஓடி, அவரை நிறுத்தி, வீட்டில் நீங்கள் பேசுவது எந்த பாஷை என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும்.